பத்துக்கு ஆறரை

கணக்கு டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்த பட்டப்பெயர் ‘அரை மார்க்’. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் கோபப்பட்டதில்லை; அதை ஒரு திட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. வழி சரி, விடை சரி, கடைசியில் சென்டிமீட்டர் என்று எழுதவில்லை: அரை மார்க் போச்சு. விடைக்குக் கீழே போட்ட கோடு வளைந்திருக்கிறது: அரை மார்க் போச்சு. எல்லாமே சரியாக இருந்துவிட்டால் டீச்சர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்ப்பார். இத்தனை வருஷ வேலையில் அவர் கையால் பத்துக்குப் பத்து வாங்கிய பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. சண்டைக்கு வந்த பெற்றோருக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

“இன்னைக்கே பத்து போட்டுட்டா, நாளைக்கு இதைவிட நல்லா எழுதினா நான் எதைப் போடறது?”

வந்தவர்கள் வாயடைத்துப் போய்த் திரும்பிவிடுவார்கள்.

வீட்டிலும் இதே கறார்தான். அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டடத்தில் கயிற்றின் சத்தத்தை வைத்தே எந்த மாடியில் கோளாறு என்று சொல்லிவிடும் மனிதர், மனைவியின் மனசை மட்டும் எந்தச் சத்தத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாமல் தவித்தார். கல்யாணமான புதிதில் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, “எப்படி இருக்கு?” என்று ஆசையாகக் கேட்டார். “அஞ்சரை” என்றார் டீச்சர். அது நல்ல மார்க் என்று புரிந்துகொள்ள அவருக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

இப்படிப்பட்ட டீச்சருக்கு, முப்பத்தொன்பதாவது வயதில், வயிற்றில் குழந்தை தங்கியது. சந்தோஷம்தான். கூடவே ஒரு பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. உலகத்தில் யாருக்கும் அஞ்சாத டீச்சர் வலிக்கு மட்டும் அஞ்சுவார். பல் பிடுங்கப் போனவர் அங்கிருந்த நாற்காலியைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டார்; அதன்பின் ஒரு வருஷம் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டார். இது கணவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

அதனால் ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு நடத்துகிறார்கள் என்று தெரிந்ததும், நாற்பது பக்க நோட்டு ஒன்றுடன் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். வகுப்பெடுத்த நர்ஸ் பொறுமைசாலி.

“வயிறு கல்லு மாதிரி இறுகும், அப்புறம் தளரும். கடைசி மாசத்துல சும்மாவும் இறுகும். எழுந்து நடந்தாலோ, தண்ணி குடிச்சுட்டுப் படுத்தாலோ அது அடங்கிடும். நிஜ வலி அடங்காது. வர வரக் கிட்டக் கிட்ட வரும், நீளமாகும், பலமாகும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம், ஒரு மணி நேரமா அப்படியே வருதுன்னா கெளம்பி வந்துடுங்க.”

டீச்சர் கை தூக்கினார். “அஞ்சு நிமிஷம்னா, வலி முடிஞ்சதுலேர்ந்தா, ஆரம்பிச்சதுலேர்ந்தா?”

“ஆரம்பிச்சதுலேர்ந்து அடுத்தது ஆரம்பிக்கிற வரைக்கும்.”

“அதை முதல்லயே சொல்லணும்” என்று டீச்சர் எழுதிக்கொண்டார். வகுப்பெடுத்தவருக்கு மனசுக்குள் அரை மார்க் குறைந்திருக்கும்.

வலியைக் குறைக்கும் வழிகளையும் நர்ஸ் வரிசையாகச் சொன்னார். நடக்கலாம், வெந்நீரில் நிற்கலாம், இடுப்பை அழுத்திவிடச் சொல்லலாம். முகமூடி வைத்து வாயு உறிஞ்சலாம், தொடையில் ஊசி போடலாம். எல்லாவற்றையும்விட நன்றாகக் கேட்பது முதுகு ஊசி: முதுகுத்தண்டின் பக்கத்தில் மெல்லிய குழாய் வைத்து மருந்து விட்டால், நினைவு இருக்கும், வலி போய்விடும். டீச்சர் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். கோடு கொஞ்சம் வளைந்திருந்தது.

“ஆனா ஒண்ணு” என்றார் நர்ஸ். “இங்க மயக்க டாக்டர் ஒருத்தர்தான். ஆபரேஷன் தியேட்டரையும் அவரே பாக்கணும். அதனால நாங்க வலிக்கு ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் நம்பர் கேப்போம். ஏழு வந்தா அவரைக் கூப்பிடுவோம். ரொம்பத் தள்ளிப் போட்டுடாதீங்க. தலை இறங்கி வந்துட்டா ஊசி போட நேரம் இருக்காது.”

டீச்சர் ‘ஏழு’ என்று எழுதி வட்டம் போட்டார். ஒரு விதி, ஒரு எண், ஒரு டாக்டர். இதைவிடத் தெளிவாக ஓர் ஏற்பாடு இருக்க முடியாது என்று நிம்மதியாக வீடு திரும்பினார். கோளாறு டாக்டரிடமும் இல்லை, விதியிலும் இல்லை, தன்னிடம்தான் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வலி ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. விடுப்பில் இருந்தாலும், அரையாண்டுப் பரீட்சைப் பேப்பர்களைப் பிறர் கையில் கொடுக்க மனசு வராமல் கட்டோடு வீட்டுக்கு வரவழைத்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தபோது முதல் இறுக்கம். எழுந்து கூடத்தில் நாலு நடை நடந்தார், அடங்கவில்லை. ஒரு பேப்பர் திருத்த அவருக்குச் சரியாக மூன்று நிமிஷம். ஐந்து பேப்பருக்கு ஒரு வலி என்று ஆரம்பித்தது. பிறகு நாலு பேப்பருக்கு ஒன்று, பிறகு மூன்று. வலி வந்த நேரத்தில் கையிலிருந்த பேப்பருக்கு மார்க் குறைந்துவிட்டதா என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். வலி வந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவார். போனதும் அந்தக் கணக்கை முதல் வரியிலிருந்து மறுபடி திருத்துவார். நியாயம் என்றால் நியாயம்.

ஒன்றரைப் பேப்பருக்கு ஒன்று என்று ஆகி ஒரு மணி நேரம் கழிந்ததும், “ஏங்க, கெளம்பலாம்” என்றார். கணவர் அதற்குள் மூன்று தடவை செருப்பைப் போட்டுக் கழற்றியிருந்தார்.

ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறும்போது டீச்சருக்கு ஒரு வலி வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். கணவர் அவர் முதுகைத் தடவியபடியே கூரையை நிமிர்ந்து பார்த்து, “மூணாவது மாடியில ஒரு இழுப்பு இருக்கு” என்றார். எந்த இழுப்பைச் சொல்கிறார் என்று கேட்கும் நிலையில் டீச்சர் இல்லை.

காலை ஷிப்ட் நர்ஸ் வயிற்றில் பட்டை கட்டி, ஒயரை இயந்திரத்தில் செருகினார். காகிதத்தில் மலை மலையாகக் கோடு வந்தது. டீச்சர் அதை எட்டிப் பார்த்து, “இந்த உயரத்துக்கு அலகு என்ன?” என்றார்.

“உயரத்தைப் பாக்காதீங்க டீச்சர். எப்ப வருது, எவ்வளவு நேரம் இருக்குன்னுதான் இது காட்டும். எவ்வளவு வலிக்குதுன்னு இதுக்குத் தெரியாது. அதை நீங்கதான் சொல்லணும். இப்ப பத்துக்கு எவ்வளவு?”

டீச்சர் யோசித்தார். வலித்தது, பல்லைக் கடிக்கும் அளவுக்கு வலித்தது. ஆனால் இது ஆரம்பம்தானே? இதற்கே அள்ளிப் போட்டுவிட்டால் அப்புறம் வரப்போவதற்கு எதைப் போடுவது?

“மூணு” என்றார்.

நர்ஸ் எழுதிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது “நாலு”. அடுத்த தடவை “நாலரை”. “நீங்க ரொம்ப தைரியசாலி டீச்சர்” என்று நர்ஸ் பாராட்டினார். அந்தத் தைரியசாலி அதற்குள் கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் கணவரின் சுண்டுவிரலும் மாட்டிக்கொண்டு நீலம் பாரித்திருந்தது.

திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பெண். நர்ஸ் நம்பர் கேட்டதும், “பத்து! இல்ல, பன்னெண்டு!” என்று கத்தினாள்.

டீச்சர் தன் வலியையே ஒரு நொடி மறந்துபோனார். “பத்துக்குப் பன்னெண்டா!” என்றார் கணவரிடம். “எந்த ஸ்கூல்ல படிச்சுதோ!”

ஆனால் அந்தப் பன்னிரண்டுக்கு மயக்க டாக்டர் பத்தே நிமிஷத்தில் வந்தார். அரை மணி நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கம் அமைதியாயிற்று. அப்புறம் அந்தப் பெண் போனில் தொட்டிலுக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று யாரிடமோ பேசத் தொடங்கிவிட்டாள். டீச்சருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஊசி வேண்டும் என்று ஐந்து மாசமாகக் காத்திருப்பவர் அவர்; அதற்குச் சம்மதம் என்று முதலிலேயே படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்.

கணவர் குனிந்து காதில் சொன்னார். “ஏழுன்னு சொல்லிடேன்மா. யாரு கேக்கப் போறா?”

“பொய் மார்க் போடச் சொல்றீங்களா?”

“உன் வலிக்கு நீதானே மார்க் போடற!”

“அதனாலதான் சரியாப் போடணும். வர வரப் பலமாகும்னு வகுப்புல அந்த நர்ஸே சொன்னாங்க இல்ல? இது ஏழுன்னா அது எவ்வளவு?”

பெற்றோர் எல்லாரும் வாயடைத்துத் திரும்பிய அதே வாசலில் இப்போது அவரும் நின்றார்.

மதியம் பன்னீர்க்குடம் உடைந்தது. அதற்குப் பிறகு வந்த வலி வேறு மாதிரி. மூன்று நிமிஷத்துக்கு ஒன்று; இடுப்பில் ஆரம்பித்து முன்னால் சுற்றி வந்து பிழிந்தது. டீச்சர் பாதம் சுருண்டது, கண்ணில் நீர் கொட்டியது. “இப்ப?” என்றார் காலை நர்ஸ், கிளம்பும் அவசரத்தில். “ஆறு” என்று மூச்சு வாங்கச் சொன்னார் டீச்சர். “சரி, ஏழு ஆனா உடனே சொல்லுங்க” என்று நர்ஸ் எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் மேல் தப்பில்லை. அவரும் விதியைத்தான் பார்த்தார்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறியது. முகமூடி போட்ட ஒரு நர்ஸ் உள்ளே வந்து, கட்டிலின் கால்மாட்டில் இருந்த அட்டையை எடுத்துப் படித்தார். மூணு, நாலு, நாலரை, ஆறு. படித்துவிட்டுப் பெயரைப் பார்த்தார். மறுபடி நம்பர்களைப் பார்த்தார். அப்புறம் டீச்சரின் முகத்தைப் பார்த்தார்.

“இப்ப எவ்வளவு டீச்சர்?”

அந்த நேரம் பார்த்து ஒரு வலி உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. டீச்சருக்குக் கட்டில் எது, தான் எது என்று தெரியவில்லை. இதற்கு மேல் ஒன்று இருக்கிறதா? இருக்கலாம். இருந்துவிட்டால்? மென்று விழுங்கி, கடைசியில் சொன்னார்.

“ஆற… ஆறரை.”

கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நர்ஸ் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு கையுறை மாட்டி உள்ளே பரிசோதித்தார்.

“கர்ப்பப்பை வாய் ஏழு சென்டிமீட்டர் திறந்திருக்கு.”

“ஏழா? அப்பக் கூப்பிடலாமா?” என்றார் டீச்சர், முகமெல்லாம் ஆசையாக.

“அது வேற ஏழு டீச்சர்.” நர்ஸ் சுவரில் இருந்த போனை எடுத்தார். “டாக்டர், முதுகு ஊசிக்கு ஒருத்தங்க. முதல் பிரசவம், ஏழு சென்டிமீட்டர், வேகமாப் போகுது. வலி ஒன்பதரை. ஆபரேஷன் முடிஞ்சதும் வேற எங்கயும் நிக்காம இங்க வந்துடுங்க.”

“நான் ஆறரைதானே சொன்னேன்!” கட்டிலிலிருந்து குரல் வந்தது. அத்தனை வலியிலும் அதில் ஒரு அதட்டல் இருந்தது.

“உங்ககிட்ட நாலு வருஷம் படிச்சவ டீச்சர் நான்” என்றார் நர்ஸ், அட்டையில் எழுதிக்கொண்டே. “எங்க கிளாஸ்ல முதல் மார்க்கே ஆறரைதான். உங்க ஆறரை மத்தவங்க கணக்குல எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்.”

டாக்டர் வர அரை மணி நேரமாகும் என்றார்கள். ஊசி கிடைக்குமா, அதற்குள் தலை இறங்கிவிடுமா என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. நர்ஸ் வாயு முகமூடியை டீச்சர் கையில் கொடுத்து, “வலி கெளம்பும்போதே உறிஞ்சணும். உச்சிக்குப் போனப்புறம் உறிஞ்சிப் பிரயோஜனம் இல்லை” என்றார். டீச்சர் மணிக்கூண்டு மாதிரி நேரம் தவறாமல் உறிஞ்சினார். தலை கொஞ்சம் கிறுகிறுத்தது. வலி கொஞ்சம் தள்ளி நின்றது. கணவரை இடுப்பின் அடியில் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தச் சொன்னார் நர்ஸ். துருப்பிடித்த போல்ட்டைத் திருகிப் பழகிய கை. எங்கே அழுத்தினால் எது தளரும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

“அங்கதான். விடாதீங்க” என்றார் டீச்சர். பிறகு முகமூடிக்குள்ளிருந்து, “ஆறு” என்றார்.

“வலி கொறஞ்சிடுச்சா?” என்று பதறினார் கணவர்.

“வலி இல்ல. நீங்க.”

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவருக்குக் கிடைத்த முதல் ஆறு. மனிதர் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லாமல் தோளில் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் ஓட்டமும் நடையுமாக வந்தபோது எட்டு சென்டிமீட்டர். “நேரம் இருக்கு, ஆனா நான் சொல்றப்ப அசையக் கூடாது” என்றார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முதுகை வளைத்து, தாடையை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி உட்கார்ந்ததும் அடுத்த வலி வந்தது. முன்னால் நின்ற நர்ஸ் டீச்சரின் இரண்டு தோளையும் பிடித்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டார். “என்னைப் பிடிச்சுக்குங்க. கிள்ளினாலும் பரவாயில்லை. அசையாதீங்க.” டீச்சர் கிள்ளினார். அசையவில்லை. முதுகில் ஒரு எறும்புக் கடி, ஒரு அழுத்தம், அவ்வளவுதான்.

கால் மணி நேரம் கழித்து டாக்டர் தொடையில் ஐஸ் துண்டை வைத்து, “சில்லுனு இருக்கா?” என்றார்.

“ஈரமா இருக்கு. சில்லுனு இல்லை.”

“வலி?”

“ரெண்டு.” சொல்லிவிட்டு டீச்சர் அழுதார். வலித்தபோதுகூட இப்படி அழவில்லை. டாக்டர் எத்தனையோ பேர் இப்படி அழுததைப் பார்த்தவர். சத்தமில்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கணவரையும் நர்ஸ், “போய் ஒரு காபி குடிச்சுட்டு வாங்க, இன்னும் நேரம் இருக்கு” என்று அனுப்பிவைத்தார்.

திரைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர்தான். இயந்திரம் மலைகளைப் போட்டுக்கொண்டே இருந்தது. டீச்சருக்கு அவை இப்போது வெறும் இறுக்கம். நிம்மதியாக மூச்சு விட முடிந்ததும் அவர் வழக்கம்போல விசாரிக்க ஆரம்பித்தார்.

“நாலு வருஷம்னியே, நான் எடுக்கறது எட்டுலேர்ந்து பத்து வரைக்கும்தானே? மூணு வருஷம்தான் வரும்.”

“ஒன்பதாவதை ரெண்டு தடவை படிச்சேன் டீச்சர்.” நர்ஸ் சொட்டு மருந்தின் வேகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். “முழுப்பரீட்சையில முப்பத்தி நாலரை. பாஸுக்கு முப்பத்தஞ்சு.”

டீச்சருக்கு அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் வரவில்லை. அவளுடைய அப்பா ஞாபகம் வந்தார். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் காக்கிச் சட்டையோடு ஆசிரியர் அறை வாசலில் நின்று, ஒரு தடவை கூட்டிப் பாருங்கள் என்று கேட்டவர். டீச்சர் மூன்று தடவை கூட்டிக் காண்பித்தார். மூன்று தடவையும் முப்பத்து நாலரைதான். கூட்டல் சரியாக இருந்ததில் அன்று அவருக்கு ஒரு திருப்தி இருந்தது. அதுவும் இப்போது ஞாபகம் வந்தது.

“அடுத்த வருஷம் என் தங்கச்சியும் ஒன்பதாவது வந்துட்டா” என்றார் நர்ஸ். “ரெண்டு பேரும் ஒரே பெஞ்ச். கணக்கு அவதான் எனக்குச் சொல்லிக் குடுப்பா.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. தலையைத் திருப்பி நர்ஸைப் பார்த்தார். அப்புறம் கேட்டார். “ரொம்ப வலிச்சுதா?”

“ம்.”

“எவ்வளவு?”

நர்ஸின் கை நின்றது. “அப்ப யாரும் கேக்கல டீச்சர்.”

“இப்ப நான் கேக்கறேன்.”

நர்ஸ் இயந்திரத்தின் பக்கம் திரும்பி, கழலாத ஒயரைச் சரிசெய்தார். “உங்களுக்கு ஒரு மலை ஏறுது பாருங்க. தெரியுதா?”

“பேச்சை மாத்தாதே. சொல்லும்மா.”

“பத்து” என்றார் நர்ஸ். முதுகைக் காட்டிக்கொண்டேதான் சொன்னார். “பத்துக்குப் பத்து டீச்சர்.”

வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த எண்ணை டீச்சர் இரண்டாம் முறை பார்த்திருப்பார். பதினாலு வயசுக்கு அது எப்படிப் பத்தாகும், அதற்கப்புறம் எத்தனையோ வந்திருக்குமே என்று கேட்டிருப்பார். இன்று கேட்கத் தோன்றவில்லை. கை எட்டும் தூரத்தில் நர்ஸின் மணிக்கட்டு இருந்தது. தான் கிள்ளிய இடம் சிவந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்.

“போட்டிருக்கலாம். அந்த அரை மார்க்கை நான் போட்டிருக்கலாம். மன்னிச்சிடும்மா.”

நர்ஸ் பரவாயில்லை என்று சொல்லவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. முகமூடிக்குள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த பரிசோதனைக்கு நேரமாகும் வரை அப்படியே நின்றார். பிறகு கையுறையை மாட்டிப் பார்த்துவிட்டு, “முழுசாத் திறந்திடுச்சு. உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடறேன். இனிமே நீங்கதான் வேலை செய்யணும்” என்றார்.

வேலை ஒரு மணி நேரம் நடந்தது. இறுக்கம் வரும்போது நர்ஸ் சொன்னார், டீச்சர் முக்கினார், கணவர் யாரும் கேட்காமலே கூடச் சேர்ந்து முக்கினார். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பெண் குழந்தை பிறந்தது. துடைத்து, துணியில் சுற்றி, டீச்சரின் மார்பில் போட்டார்கள். அது வீறிட்டது. ஆஸ்பத்திரியே கேட்கும்படி, முகம் சிவக்க, விடாமல் வீறிட்டது.

“நல்ல குரல்!” என்றார் நர்ஸ். “அழட்டும் டீச்சர், எல்லாக் குழந்தையும் இப்படித்தான் அழும். இது ஒண்ணும் இல்லை.”

டீச்சர் அதைக் காதில் வாங்கவில்லை. குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தைக் கொண்டுபோய், “எங்கே வலிக்குதும்மா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதில் வந்துவிடும் என்று நம்புகிறவரைப் போல அந்தச் சின்ன வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.